ரசிகர் உலகம் - 9: பரிசாக வந்த முகம்

1975-ல் தொடங்கிய வேர்ல்ட் ஃபேன்டஸி விருதை வென்றவர்கள் கையில் நாற்பது ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டது ஒரே முகம்தான்: அமெரிக்கத் திகில் கதைகளின் முன்னோடி எச்.பி. லவ்கிராஃப்டின் தலைச்சிலை. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபோர், ‘ஹூ ஃபியர்ஸ் டெத்’ நாவலுக்காக 2011-ல் அதைப் பெற்றார். கறுப்பினத்தவரை மனிதருக்கும் மிருகத்துக்கும் நடுவில் வைத்து லவ்கிராஃப்ட் எழுதிய கவிதை ஒன்று பிறகுதான் அவர் கண்ணில் பட்டது.

தன் எழுத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை, தன் இனத்தையே இழிவாக எண்ணியவரின் முகமாக வீட்டில் இருப்பதைப் பற்றி அவர் இணையத்தில் எழுதினார். விருதைத் திருப்பித் தரவில்லை. லவ்கிராஃப்டைப் படிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. இந்த வரலாற்றைப் புதைக்காமல் நேருக்கு நேர் பார்ப்போம் என்றார்.

2014-ல் எழுத்தாளர் டேனியல் ஹொசே ஓல்டர், அந்த இடத்தில் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் சிலையை வைக்கக் கோரி இணையத்தில் கையெழுத்து திரட்டியபோது வாதம் சூடுபிடித்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்றனர் சிலர். எல்லோரும் அப்படி இல்லை. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் அமெரிக்காவில் 1909-லேயே உருவாகிவிட்டது. அதை நிறுவியவர்களில் வெள்ளையரும் உண்டு. எழுத்தை மட்டும் பாருங்கள், மனிதரைப் பார்க்காதீர்கள் என்றனர் வேறு சிலர். வென்றவர்களின் வீட்டுக்குப் போனதோ அந்த மனிதரின் முகம்தான்.

இந்த வாதங்களுக்கு அடியில் இருப்பது பயம் என்றே நினைக்கிறேன். பதினைந்து வயதில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த எழுத்தாளர் நம்மில் ஒரு பகுதியாகிவிடுகிறார். அவரை இனவெறியர் என்று யாராவது சொன்னால், நம்மையே சொன்னதுபோல் சுருக்கென்று தைக்கிறது. உடனே நாம் நல்லவர் என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுகிறோம். அந்த நொடியில் பேச்சு திசைமாறிவிடுகிறது. காயத்தைச் சொல்ல வந்தவர், காயப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்படுகிறார். நமக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது.

2015 நவம்பரில் விருதுக் குழு அந்தச் சிலையைக் கைவிட்டது. புனேயில் பிறந்தவரும் லவ்கிராஃப்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான எஸ்.டி. ஜோஷி, தான் பெற்றிருந்த இரண்டு விருதுகளைத் திருப்பியனுப்பினார். வாழ்நாள் உழைப்பைத் தந்தவரின் வலி உண்மையானதுதான். ஆனால், அதனால் ஒகோராஃபோரின் கேள்வி பொய்யாகிவிடாது. லவ்கிராஃப்டின் கதைகளும் எங்கும் போய்விடவில்லை. இன்றும் அச்சாகின்றன, படிக்கப்படுகின்றன.

கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால், புலம்பெயர்ந்தோர் மீது வெறுப்பை உமிழும் லவ்கிராஃப்டின் கதை ஒன்றை எடுத்து, ஒரு கறுப்பின இளைஞனின் பார்வையில் 2016-ல் திருப்பி எழுதினார். ‘தி பேலட் ஆஃப் பிளாக் டாம்’ என்ற அந்த நூலைத் தன் முரண்பட்ட உணர்வுகளோடு லவ்கிராஃப்டுக்கே சமர்ப்பித்தார். நேசிக்கும் எழுத்தாளரிடம் கணக்குக் கேட்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே. இழிவுபடுத்தப்பட்டவரால் அதைச் செய்ய முடிகிறபோது, எந்த இழிவும் நேராத நாம் அவர் பேசி முடிக்கும்வரையாவது காது கொடுக்கலாம்.

(தொடரும்)