மென்பொருள் இலவசம், காப்புரிமை?

கைபேசிக் கோபுரத்தின் மூளையை இன்று ஒரு சாதாரணக் கணினிக்குள் அடக்கிவிடலாம். அலைகளை வாங்கவும் அனுப்பவும் ஒரு சிறு வானொலிக் கருவி போதும். மற்றவை மென்பொருளின் வேலை. இதற்கான திறந்தமூல மென்பொருள்களைப் பொறியாளர்கள் வேகத்தை வைத்து ஒப்பிடுவார்கள். பொருளியல் படித்தவனின் கண் உரிமப் பத்திரத்தின் மீதுதான் முதலில் விழும்.

அயர்லாந்தில் பிறந்த எஸ்ஆர்எஸ்ரான், ஏஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. யாரும் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் திருத்திப் பிறருக்கு வழங்கினால் திருத்திய மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அதை விரும்பாத நிறுவனம் பணம் கொடுத்துத் தனி உரிமம் பெறலாம். பிரான்சின் யூரேகாம் ஆய்வு நிறுவனத்தில் வேர்கொண்ட ஓப்பன்ஏர்இண்டர்ஃபேஸ் வேறு வழி கண்டது. அது வகுத்த பொது உரிமத்தின்படி ஆய்வுக்கும் சோதனைக்கும் காப்புரிமைக் கட்டணம் இல்லை. வணிகத்தில் இறங்குவோர் காப்புரிமை உடையவர்களிடம் நியாயமான விலை பேசிக்கொள்ள வேண்டும். பெருநிறுவனங்கள் அதில் தயங்காமல் பங்கேற்பது இதனால்தான் என்பது என் கணிப்பு. முன்னதைத் தேர்ந்தவர் காப்புரிமைச் சுமைக்குத் தப்பிவிட்டார் என்றும் பொருளில்லை. நிரலை எழுதியவர் தம் காப்புரிமையை விட்டுக்கொடுக்கலாம். 5ஜி தரத்தில் பங்குள்ள பிறருடையதை விட்டுக்கொடுக்க இயலாது.

பழைய 2ஜிக்கு ஓப்பன்பிடிஎஸ், ஆஸ்மோகாம் போன்றவை உண்டு. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், பெருநிறுவனங்கள் எட்டிப்பாராத தலேயா தே காஸ்த்ரோ என்ற மலையூர், இத்தகைய மென்பொருளைக் கொண்டு 2013இல் தன் கைபேசிச் சேவையைத் தானே தொடங்கியது. அங்கும் மென்பொருளுக்கு விலையில்லை. பழங்குடிச் சமூகங்களுக்கான அலைக்கற்றை உரிமம்தான் 2016 வரை காக்கவைத்தது.