ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

மல்லிகைச் சரம் தொடுப்பவர்கள் கடைசிப் பூவை ஒட்டி நாரை நறுக்குவதில்லை. இரு முனைகளிலும் சிறிது நாரை விட்டுவைப்பார்கள். லிட்டில் இந்தியா பூக்கடைகளில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். முனை சற்றுத் தேய்ந்தாலும் பூ உதிராது.

நம் குரோமோசோம்களின் முனைகளும் அப்படித்தான். 'டிடிஏஜிஜிஜி' என்ற ஆறெழுத்துத் தொடர் அங்கே மீண்டும் மீண்டும் வருகிறது. இதுவே டெலோமியர். உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் இது சற்றுக் குறைகிறது. மிகவும் குறைந்துவிட்டால் உயிரணு பிரிவதை நிறுத்திவிடும். அளவின்றிப் பெருகாமல் தடுக்கும் கடிவாளம் இது.

டெலோமியரை மீண்டும் நீட்டும் நொதியின் பெயர் டெலோமரேஸ். இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 2009ல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. இந்த நொதியின் முக்கியப் பகுதியை உருவாக்குவது 'டெர்ட்' மரபணு. பெரும்பாலான உடல் உயிரணுக்களில் அது அணைந்தே இருக்கும். ஆனால், 10 புற்றுநோய்களில் ஏறக்குறைய 9ல் டெலோமரேஸ் வேலை செய்கிறது. அணைந்த மரபணுவை இயக்கியது எது?

2013ல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஆராய்ந்தனர். 70 கட்டிகளில் 50ல், டெர்ட் மரபணுவின் தொடக்கத்திற்கு 124 அல்லது 146 எழுத்துகள் முன்னால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின்! அந்தப் பகுதி மரபணுவின் சுவிட்ச். ஆகவே, புரதத்தின் வடிவம் மாறவில்லை. அதை உற்பத்தி செய்யும் உத்தரவுதான் மாறியது.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு ஆற்றலா? இதை ஆராய்ந்தவர்களில் சிங்கப்பூர் ஏ*ஸ்டார் அமைப்பைச் சேர்ந்த வினய் தேர்காவ்கர் குழுவினரும் அடங்குவர். 2016ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மாறிய எழுத்து 'ஜிஏபிபிஏ' என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்ள இடம் தருகிறது. உடனே டிஎன்ஏ இழை மடிகிறது. சரத்தை மடித்தால் தொலைவிலுள்ள இரு பூக்கள் தொட்டுக்கொள்வதுபோல், சுமார் 3 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ள பகுதி சுவிட்சைத் தொடுகிறது. மரபணு இயங்கத் தொடங்குகிறது.

கிரிஸ்பர் முறையில் அந்த எழுத்தைப் பழையபடி திருத்தியதும் புரதம் ஒட்டவில்லை, மடிப்பு பிரிந்தது, டெர்ட் அடங்கியது.

இதன் பயன் என்ன? நம் குருத்தணுக்களுக்கும் டெலோமரேஸ் தேவை. நொதியையே முடக்கினால் அவையும் பாதிக்கப்படலாம். இந்த மடிப்போ, எழுத்து மாறிய உயிரணுக்களில்தான் உருவாகிறது. அதை மட்டும் தடுக்கும் மருந்து கிடைத்தால், நல்ல உயிரணுக்களை விட்டுவிட்டுப் புற்றணுக்களை மட்டும் குறிவைக்கலாம்.

மரபணு மாற்றம் என்றால் புரதம் மாறும் என்று படித்திருப்பீர்கள். இனி, 'மாற்றம் மரபணுவிலா, அதன் சுவிட்சிலா?' என்றும் கேட்டுப் பாருங்கள்.