பெட்ரோலை மேலே தள்ளுவது யார்?

பொம்மிடியில் பழைய பைக் ரிப்பேர் கடைப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகை மெல்லத் திருப்புவார். காது மட்டும் சைலன்சர் பக்கம் இருக்கும்.

அந்தத் திருகின் பெயர் ஏர் ஸ்குரூ. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலுக்குத்தான் காசு, நல்லவேளை! இரண்டையும் சரியான அளவில் கலப்பதே கார்புரேட்டரின் வேலை.

எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இழுப்பது காற்றைத்தான். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் நுழையும்போது காற்று வேகம் எடுக்கும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்று வழக்கம்போல் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் தாங்காமல் பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலேறித் துளித்துளியாகச் சிதறும். தண்ணீர் டம்ளரில் ஒரு குட்டை ஸ்ட்ராவை நிறுத்தி, அதன் நுனிக்குக் குறுக்கே இன்னொரு ஸ்ட்ராவால் பலமாக ஊதுங்கள். உங்கள் சட்டை நனைந்தால் கார்புரேட்டர் வேலை செய்கிறது!

அண்ணன் முதலில் எஞ்சினைச் சூடாக்கிக்கொள்வார். திருகை உள்ளே திருப்பினால் காற்று குறையும், எஞ்சின் திணறும். ரொம்ப வெளியே எடுத்தால் காற்று மிகுந்துபோய், அப்போதும் திணறும். நடுவே எஞ்சின் துடிப்பு சீராகி வேகம் கூடும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்லோ ஸ்குரூ என்னும் இன்னொரு திருகால் வேகத்தைக் குறைப்பார். வண்டி கொஞ்சம் ஓடிவந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், பழுப்பாக இருந்தால் சரி.

இதே வண்டியில் ஏற்காடு போனால்? பொம்மிடியைவிட அது சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, வண்டி கொஞ்சம் மந்தமாகும். ஒருநாள் சுற்றுலாவுக்காக யாரும் திருகைத் தொடமாட்டார்கள். மலையிலேயே ஓடும் வண்டிக்குத்தான் மாற்றி வைப்பார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலும் சென்சார்களின் உதவியோடு ஒரு குட்டிக் கணினிதான் இந்தக் காற்று-பெட்ரோல் கணக்கைப் போடுகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இலும் இப்போது கார்புரேட்டர் இல்லை.