கெர்னலில் பழைய இயங்குகோப்பு வடிவங்களை ஏற்றுதல்: லினக்ஸின் ஏ.அவுட் வடிவத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இயங்குதளம் பழைய நிரல்களைத் தொடர்ந்து இயக்க வேண்டுமாயின், அந்நிரல்களின் கோப்பு வடிவத்தை அறிந்த ஏற்றியைத் தன் கெர்னலுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. லினக்ஸ் கெர்னலிலிருந்து ஏ.அவுட் வடிவத்திற்கான ஆதரவு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொண்டு, இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய நிரலுக்கான ஆதரவு என்பது கோப்பு வடிவம், நினைவக அமைப்பு, அமைப்பு அழைப்பு என மூன்று அடுக்குகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதைக் கெர்னலுக்கு வெளியே கொண்டு செல்லலாம். மூன்றாவதைக் கொண்டு செல்ல இயலாது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இயங்குகோப்பு, ஏற்றி, கெர்னல், ஏ.அவுட், எல்ஃப், பயனர்வெளி.

முன்னுரை

சி மொழியில் எழுதிய நிரலை ஜிசிசி தொகுப்பியிடம் கொடுத்து, வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், இன்றும் ‘ஏ.அவுட்’ என்னும் பெயரில் ஒரு கோப்பு உருவாகிறது. ‘அசெம்ப்ளர் அவுட்புட்’ என்பதன் சுருக்கமே அப்பெயர். யூனிக்ஸின் தொடக்கக் காலத்தில் அது ஒரே வேளையில் கோப்பின் பெயராகவும் கோப்பு வடிவத்தின் பெயராகவும் விளங்கியது. இன்று லினக்ஸில் உருவாகும் அக்கோப்பின் உள்ளே இருப்பதோ எல்ஃப் வடிவமாகும். பெயர் நிலைத்தது, வடிவம் வழக்கொழிந்தது. வழக்கொழிந்த அவ்வடிவத்தில் முன்பே உருவாக்கப்பட்ட நிரல்களின் நிலை யாது என்பதே இங்கு எழும் வினா.

இயங்குகோப்பை ஏற்றும் முறை

பயனர் ஒரு நிரலை இயக்கும்போது, ‘எக்ஸெக்வி’ என்னும் அமைப்பு அழைப்பு கெர்னலைச் சென்றடைகிறது. கெர்னல் அக்கோப்பைத் திறந்து அதன் தொடக்கப் பகுதியை மட்டும் படிக்கிறது. இன்றைய லினக்ஸில் அப்பகுதி 256 பைட்டுகள் ஆகும். பின்னர், தன்னிடம் பதிவு செய்யப்பட்டுள்ள ஏற்றிகளின் பட்டியலில் ஒவ்வொன்றாக அழைத்து, இக்கோப்பு உன்னுடையதா எனக் கேட்கிறது. கோப்பின் முதல் சில பைட்டுகளில் உள்ள அடையாள எண்ணைக் கொண்டு ஏற்றி அதனை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. எல்லா ஏற்றிகளும் மறுத்துவிட்டால், கோப்பு இயங்கத்தக்கதன்று என்னும் பிழைச் செய்தி அழைத்தவருக்குத் திரும்புகிறது.

ஏற்றி ஒரு கோப்பை ஏற்றுக்கொண்டபின் மீள முடியாத ஒரு கட்டம் வருகிறது. பழைய நிரலின் நினைவகம் முழுவதும் அகற்றப்பட்டு, புதிய நிரலுக்கான வெற்று முகவரிவெளி அமைக்கப்படும் கட்டமே அது. அதன்பின் பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்வதற்குப் பழைய நிரல் இல்லை. செயல்முறையை முடிவுக்குக் கொண்டுவருவது ஒன்றே வழி. மேலும், ஏற்றி என்பது கெர்னலின் முழு அதிகாரத்துடன் இயங்கிக்கொண்டே, யாரோ உருவாக்கிய ஒரு கோப்பிலுள்ள எண்களை நம்பிக் கணக்கிடும் பகுதியாகும். அதிலுள்ள ஒரு சிறு வழுவும் கணினி முழுவதற்கும் கேடாக முடியும். ஆகவே, யாரும் பயன்படுத்தாத ஏற்றி ஒன்று கெர்னலில் இருப்பதனால் தீங்கில்லை எனக் கொள்வதற்கில்லை.

ஏ.அவுட் வடிவத்தின் இயல்பு

ஏ.அவுட் வடிவத்தின் சிறப்பு அதன் எளிமை. லினக்ஸ் பயன்படுத்திய வகையில் அதன் தலைப்பகுதி எட்டு 32-பிட் சொற்களை, அதாவது 32 பைட்டுகளை, மட்டுமே கொண்டது. அடையாள எண், ஆணைப்பகுதியின் அளவு, தரவுப்பகுதியின் அளவு, தொடக்க மதிப்பற்ற தரவின் அளவு, குறியீட்டு அட்டவணையின் அளவு, நிரல் தொடங்கும் முகவரி, இடமாற்றக் குறிப்புகளின் இரு அளவுகள் என்பன அவ்வெட்டு. ஆணைப்பகுதி எங்கே முடிகிறதோ அங்கிருந்து தரவுப்பகுதி தொடரும் என்பது வடிவத்திலேயே உறைந்த விதி.

எட்டடிமான முறையில் 0407 என எழுதப்படும் மூல அடையாள எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பிடிபி-11 கணினியில் அவ்வெண் ஒரு தாவல் ஆணையாகும். அக்காலத் தலைப்பகுதி 16 பைட்டுகள் கொண்டது. கோப்பை அப்படியே நினைவகத்தில் இட்டு முதல் சொல்லிலிருந்து இயக்கினால், அவ்வாணை தலைப்பகுதியைத் தாண்டி நேரே நிரலுக்குச் செல்லும். பின்னர் ஆணைப்பகுதியைப் பலர் பகிர்வதற்கு 0410 என்ற எண்ணும், தேவைப்படும் பக்கத்தை மட்டும் வட்டிலிருந்து கொணர்வதற்கு 0413 என்ற எண்ணும் தோன்றின.

1991இல் வெளிவந்த லினக்ஸ் இவ்வடிவத்தையே ஏற்றுக்கொண்டது. லினக்ஸின் 0413 வகைக் கோப்பில் ஆணைப்பகுதி 1024ஆம் பைட்டில் தொடங்கியது. நினைவகப் பக்கத்தின் அளவோ 4096 பைட்டுகள். பக்க எல்லையோடு பொருந்தாத கோப்புப் பகுதியை நினைவகத்தில் நேரடியாகப் பொருத்த இயலாது. எனவே கெர்னல் அத்தகைய கோப்பை முழுமையாகப் படித்து நகலெடுக்க வேண்டியதாயிற்று. நிரலை மாற்றியமைக்குமாறு ஓர் எச்சரிக்கையையும் அது வெளியிட்டது. இக்குறையைப் போக்க 0314 என்ற அடையாள எண்ணுடன் மற்றொரு வகை தோன்றியது. அதில் தலைப்பகுதியும் முதல் பக்கத்திலேயே அடங்கும். ஆணைப்பகுதி சுழியத்தில் அன்றி 4096ஆம் முகவரியில் ஏற்றப்படும்.

எல்ஃப் வடிவத்தின் வருகை

ஏ.அவுட் வடிவத்தின் எளிமையே அதன் எல்லையாகவும் அமைந்தது. பகிர்வு நூலகங்களைப் பயன்படுத்தும்போது இவ்வெல்லை தெளிவாகப் புலப்பட்டது. லினக்ஸின் ஏ.அவுட் முறையில் ஒவ்வொரு பகிர்வு நூலகத்திற்கும் நிலையான முகவரி ஒன்று முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். இரு நூலகங்கள் ஒரே முகவரியைக் கோரினால் அவ்விரண்டையும் ஒரு நிரலில் சேர்த்துப் பயன்படுத்த இயலாது. நூலகத்தை ஏற்றும் பணியையும் ‘யூஸ்லிப்’ என்னும் தனி அமைப்பு அழைப்பின் வழியாகக் கெர்னலே செய்தது.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டிலிருந்து வந்த எல்ஃப் வடிவம் இச்சிக்கலை வேறு முறையில் தீர்த்தது. எப்பகுதியை எம்முகவரியில் எவ்வகை அனுமதியுடன் பொருத்த வேண்டும் என்பதைக் கோப்பே ஓர் அட்டவணையாகக் கூறுகிறது. பகிர்வு நூலகம் எம்முகவரியிலும் இயங்கும் வகையில் உருவாக்கப்படுகிறது. நூலகங்களைத் தேடி இணைக்கும் பொறுப்பு கெர்னலிடமிருந்து பயனர்வெளியில் இயங்கும் இயங்குநிலை இணைப்பிக்கு மாற்றப்பட்டது. கெர்னல் அவ்விணைப்பியையும் நிரலையும் ஏற்றுவதோடு நின்றுவிடுகிறது. கெர்னலின் பணியைப் பயனர்வெளிக்கு மாற்றும் போக்கு இவ்வடிவத்திலேயே தொடங்கிவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் எல்ஃப் வடிவத்திற்கு மாறியது, ஏ.அவுட் ஏற்றி பழைய நிரல்களுக்காக மட்டும் கெர்னலில் எஞ்சியது.

நீக்கமும் எழுந்த தடையும்

நெடுங்காலம் எஞ்சியிருந்த அவ்வேற்றி மெல்ல மெல்லச் சீர்கெட்டது. நிரல் முறிவுறும்போது அதன் நினைவகப் படிவைக் கோப்பாக எழுதும் பகுதி பழுதடைந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2019இல் அப்பகுதியை மட்டும் நீக்கினார். கருவித்தொகுதிகள் ஏ.அவுட் கோப்புகளை உருவாக்குவதையே கைவிட்டுவிட்டன என்பதும் அப்போது காரணமாகக் கூறப்பட்டது. ஏற்றி விரைவில் நீக்கப்படவுள்ளது என்னும் அறிவிப்பும் 5.1 பதிப்பில் இடம்பெற்றது. 2022இல் போரிஸ்லாவ் பெட்கோவ் எக்ஸ்86 கணினிகளுக்கான ஏ.அவுட் ஆதரவை நீக்கும் மாற்றத்தை முன்மொழிந்தார்.

அப்போது எதிர்பாராத ஒரு குரல் எழுந்தது. அட்டாரி ஜாகுவார் விளையாட்டுக் கருவிக்கு நிரல் எழுதும் ஒருவர், 1990களைச் சேர்ந்த மூலநிரல் கிடைக்காத பழைய கருவிகளை ஏ.அவுட் வடிவிலேயே தாம் இன்றும் பயன்படுத்துவதாகத் தெரிவித்தார். பயனர்வெளி நிரல்களை இயங்காமற் செய்யலாகாது என்பது லினக்ஸ் கெர்னல் வளர்ச்சியில் உறுதியாகப் பேணப்படும் விதி. பயனர் ஒருவர் இருப்பது தெரிந்தபின் ஏற்றியை எவ்வாறு நீக்குவது?

இதற்கு விடையாக, ஏ.அவுட் கோப்பைப் படித்து நினைவகத்தில் பொருத்தி அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் சிறிய எல்ஃப் நிரல் ஒன்றைக் கீஸ் குக் எழுதிக் காட்டினார். அதாவது, கெர்னலுக்குள் இருந்த ஏற்றியின் பணியைச் சாதாரண நிரல் ஒன்று வெளியே இருந்து செய்தது. அதன்பின் அவ்வாண்டிலேயே ஏ.அவுட் ஆதரவு நீக்கப்பட்டது.

மூன்று அடுக்குகள்

அத்தகைய மாற்று ஏற்றி ஏன் சாத்தியமாயிற்று என்பதை அடுக்குகளாகப் பிரித்து நோக்கினால் தெளிவு பிறக்கும்.

முதல் அடுக்கு கோப்பு வடிவம். 32 பைட்டுத் தலைப்பகுதியைப் படித்து, அளவுகளைக் கணக்கிட்டு, உரிய பகுதிகளை நினைவகத்தில் பொருத்துவதற்குக் கெர்னல் அதிகாரம் தேவையில்லை. மேலும், லினக்ஸில் 1997 முதல் உள்ள ‘பின்ஃபம்ட் மிஸ்க்’ என்னும் வசதி, அடையாள எண்ணையும் அதற்குரிய ஏற்றி நிரலின் பெயரையும் கெர்னலிடம் பதிவு செய்ய இடமளிக்கிறது. பதிவு செய்தபின் பயனர் பழைய கோப்பின் பெயரை வழக்கம்போல் கொடுத்தாலே போதும். கெர்னல் உரிய ஏற்றியை அழைக்கும். வேறு செயலிக்கான நிரல்களைக் க்யூஎமு வழியாக இயக்குவதும் இவ்வசதியாலேயே.

இரண்டாம் அடுக்கு நினைவக அமைப்பு. இங்குச் சில சிக்கல்கள் உண்டு. ஏ.அவுட் நிரல் தொடங்கும்போது அடுக்ககத்தில் அளபுருக்களின் எண்ணிக்கையும், அதனையடுத்து அளபுருப் பட்டியலையும் சூழல் மாறிகளின் பட்டியலையும் சுட்டும் இரு முகவரிகளும் இருக்கும் என எதிர்பார்க்கிறது. எல்ஃப் முறையிலோ எண்ணிக்கையை அடுத்து அப்பட்டியல்களே நேரடியாக அமைகின்றன. மாற்று ஏற்றி இதனைத் திருத்தியமைக்க வேண்டும். அதனினும் கடினமானது முகவரிச் சிக்கல். கெர்னலின் வெற்றுச் சுட்டு வழுக்களைத் தீயோர் பயன்படுத்தாதிருக்க, குறைந்த முகவரிகளில் எதையும் பொருத்துவதைப் பொதுப் பயனர்களுக்கு லினக்ஸ் தடை செய்கிறது. பல அமைப்புகளில் அவ்வெல்லை 65536 என வைக்கப்பட்டுள்ளது. சுழியத்திலோ 4096இலோ ஏற்றப்பட வேண்டிய பழைய நிரலுக்கு இத்தடை குறுக்கே நிற்கிறது. கெர்னலுக்குள் இருந்த ஏற்றிக்கும் இத்தடை இருந்தது. எனவே நிர்வாகி எல்லையைத் தளர்த்த வேண்டும் அல்லது தனி அனுமதி அளிக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு அமைப்பு அழைப்பு. நிரல் தொடங்கியபின் கோப்பைத் திறக்கவும் எழுதவும் கெர்னலையே நாடுகிறது. 1990களில் வகுக்கப்பட்ட 32-பிட் அழைப்பு எண்களும் அவற்றின் பொருளும் இன்றும் மாறாதிருப்பதனால்தான் மாற்று ஏற்றி பயன் தருகிறது. 32-பிட் ஆதரவின்றிக் கட்டமைக்கப்பட்ட 64-பிட் கெர்னலில், ஏற்றி எவ்வளவு திருத்தமாக அமைந்தாலும் அந்நிரல் இயங்காது. அழைப்புகளை இடைமறித்து மொழிபெயர்க்கும் முழுமையான போன்மி தேவைப்படும்.

முடிவுரை

பழைய நிரல்களின் வாழ்வு ஏற்றியைக் காட்டிலும் அமைப்பு அழைப்புகளின் நிலைத்தன்மையையே சார்ந்துள்ளது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. ஒரு வடிவத்தின் ஏற்றியைக் கெர்னலிலிருந்து நீக்குவது அவ்வடிவ நிரல்களை அழிப்பதாகாது. அதே வேளையில் இம்மாற்றம் செலவற்றதும் அன்று. முன்பு கெர்னல் சுமந்த பொறுப்பை இப்போது பயனர் சுமக்கிறார். மாற்று ஏற்றியைத் தேடிப் பதிவு செய்வதும், பாதுகாப்பு எல்லையைத் தளர்த்துவதா என முடிவு செய்வதும் அவர் கடமையாகின்றன. எண்ணிம ஆவணப் பாதுகாப்பில் ஈடுபடுவோர் பழைய நிரல்களைச் சேமிக்கும்போது இயங்குகோப்பை மட்டும் சேமித்தல் போதாது. அதன் வடிவம், அது எதிர்பார்க்கும் முகவரி அமைப்பு, அது நாடும் அழைப்புகள் ஆகிய மூன்றையும் பதிவு செய்தல் வேண்டும். அட்டாரி நிரலாளர் தம் தேவையை உரிய வேளையில் எடுத்துரைத்ததனாலேயே மாற்று வழி பிறந்தது. யாரும் எடுத்துரைக்காத வடிவங்களுக்கு அத்தகைய பதிவே துணையாகும்.