சாவி ஒன்று, பூட்டு வேறு! பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் தமிழ் டி.டி.பி. கடைகள்

பெங்களூரில் ஸ்ரீராம்புரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கம் போனால் தமிழ் டி.டி.பி. கடைகளைப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கூழ் ஊற்றும் விழா நோட்டீசு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று தமிழில் எது அடிக்க வேண்டுமானாலும் நம்மவர்கள் இங்கேதான் வருவார்கள்.

இந்தக் கடைகள் சிலவற்றில், ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இயக்குவது விண்டோஸ் எக்ஸ்.பி. இது 2001-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி விற்பனைக்கு வந்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் இதைக் கைகழுவி விட்டது.

புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பழையதை விட முடியவில்லை.

ஏன் விட முடியவில்லை?

இருபது ஆண்டு வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கரில் செய்தவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்தது. யூனிகோடுக்கு அரசு மாறியது 2010-ல்தான்.

எனவே பழைய எழுத்துரு இல்லாமல் பழைய பைலைத் திறந்தால், மணமகன் பெயரும் மணமகள் பெயரும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். சில தமிழ் மென்பொருள்களுக்கு, பிரிண்டர் செருகும் இடத்தில் மாட்டுகிற சிறு பூட்டு வேறு உண்டு. புதிய கம்ப்யூட்டரில் அதை மாட்ட இடமே கிடையாது.

நான்கு நாள் கடை மூடல்

ஸ்ரீராம்புரத்தில் கடை வைத்திருக்கும் வேலூர்க்காரர் ஒருவருக்கு 2018-ம் ஆண்டு ஆவணியில் நேர்ந்ததைக் கேளுங்கள். முகூர்த்த நாட்கள் நெருங்கும் நேரம். கம்ப்யூட்டர் பாதியில் நின்று நின்று போனது. மெக்கானிக் வந்தார். 'சி' டிரைவை அழித்துவிட்டு எக்ஸ்.பி.யைப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றார். அழித்தும் விட்டார்.

அதன் பிறகுதான் திரையில் கேள்வி வந்தது. 25 எழுத்துச் சாவி எங்கே? கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அடித்தார்கள். செல்லாது என்று வந்தது. திரும்ப அடித்தார்கள். திரும்பவும் செல்லாது.

சாவி போலியும் அல்ல, திருட்டும் அல்ல. 2006-ல் எஸ்.பி. ரோட்டில் காசு கொடுத்து வாங்கிய முறையான சாவி. மெக்கானிக் கொண்டு வந்த சி.டி.தான் வேறு வகை. கடைக்காரரிடம் இருந்த சொந்த சி.டி.யோ கீறல் விழுந்து படிக்க முடியாமல் கிடந்தது.

வண்டி வேறு, டிக்கெட் வேறு

ரெயில்வேயில் வேலை செய்பவனுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மதுரை செல்லும் வண்டிக்கு எடுத்த டிக்கெட்டை மும்பை வண்டியில் நீட்டினால் டி.டி.இ. ஏற்பாரா? டிக்கெட் அசல்தான். ஆனால் வண்டி அது அல்ல.

எக்ஸ்.பி.யில் ஹோம், புரொபஷனல் என்று இரண்டு முக்கிய வகுப்புகள் உண்டு. ஒன்றின் சாவி மற்றதற்குச் செல்லாது. அதோடு விற்ற வழியும் மூன்று. கடையில் பெட்டியோடு விற்றது ஒன்று. புதிய கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்தது ஒன்று, இதற்கு ஓ.ஈ.எம். என்று பெயர். பெரிய அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தது மூன்றாவது. வகுப்பும் ஒத்துப்போக வேண்டும், வழியும் ஒத்துப்போக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சாவி திரும்பாது.

வேலூர்க்காரரிடம் இருந்தது புரொபஷனல் ஓ.ஈ.எம். சாவி. முதலில் வந்தது ஹோம் சி.டி. அடுத்து வந்தது பெட்டியோடு விற்ற புரொபஷனல். மூன்றாவது ஏதோ ஓர் அலுவலகத்து சி.டி. மூன்றும் கைவிரித்தன. நான்காவது நாள், சிவாஜிநகரில் இன்னொரு கடைக்காரரிடம் சரியான ஓ.ஈ.எம். சி.டி. கிடைத்தது. அதே சாவி, முதல் முறையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவருடைய பைல்கள் 'டி' டிரைவில் இருந்ததால் பிழைத்தன. ஆனால் எழுத்துருக்கள் 'சி'யோடு போய்விட்டன. நல்ல வேளையாக, தமிழ் மென்பொருளின் அசல் சி.டி.யை அவர் மனைவி ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது மட்டும் இல்லையென்றால் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளும் இரண்டு சங்க மலர்களும் போனது போனதுதான்.

அழித்த பிறகே கேள்வி!

இதில் கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சி.டி.யிலிருந்து எக்ஸ்.பி.யை ஏற்றும்போது, டிஸ்க்கை அழிக்கும் கட்டம் முதலில் வருகிறது. சாவி கேட்பது அதற்குப் பிறகு. சாவி பொருந்தாது என்று தெரியவரும்போது, திரும்பிப் போக வழி இருக்காது.

ஆகவே கை வைக்கும் முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வேறு டிஸ்க் மாட்டி அதில் ஏற்றிப் பாருங்கள். இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

சி.டி. எந்த வகை என்று முதலிலேயே பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் அதன் பெயர் தெரியும். மைக்ரோசாப்டின் சி.டி.க்களில் பெரும்பாலும் பெயரின் நடுவே வரும் மூன்று எழுத்துக்களே வகையைச் சொல்லிவிடும். ஓ.ஈ.எம். என்றால் கம்ப்யூட்டரோடு வந்தது. எஃப்.பி.பி. என்றால் பெட்டியோடு விற்றது. வி.ஓ.எல். என்றால் அலுவலகத்துக்கானது.

சாவியைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். எக்ஸ்.பி. சாவியில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஆங்கில உயிரெழுத்துக்கள் வராது. எல், என், எஸ், இசட் வராது. 0, 1, 5 ஆகிய எண்களும் வராது. 'ஓ' போலத் தெரிந்தால் அது 'கியூ' ஆகவோ 'டி' ஆகவோ இருக்கும். 8-ம் 'பி'யும், 6-ம் 'ஜி'யும் மங்கிய சீட்டில் ஒன்று போலவே தெரியும். சீட்டு தேய்ந்துபோகும் முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஏற்றும்போது ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சாட்டா வகை டிஸ்க்குகளைப் பழைய சி.டி.க்குத் தெரியாது. பயாசில் ஐ.டி.ஈ. முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சர்வீஸ் பேக் இல்லாத முதல் சி.டி.யாக இருந்தால் 137 ஜிகாபைட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1 முதல் அந்தத் தொல்லை இல்லை.

சி.டி. அட்டையில் பேனாவால் சாவி எழுதிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். ஊரெல்லாம் சுற்றிய அப்படி ஒரு சாவியை சர்வீஸ் பேக் 1 வந்தபோதே தடுத்துவிட்டார்கள்.

ஏற்றி முடித்த பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்காதீர்கள். 2003-ல் பிளாஸ்டர் என்ற கிருமி எக்ஸ்.பி.யை என்ன பாடு படுத்தியது என்பது பலருக்கு நினைவிருக்கும். இப்போது அதைக் காக்க ஆள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு கிடைக்கும் ஆடி மாதத்தில் பழைய பைல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. சரியான சி.டி. வைத்திருக்கும் கடைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன.