மக்கள் பாடிய கையறுநிலை

புறத்திணைத் துறைகளுள் ஒன்று கையறுநிலை. தலைவன் இறந்தபின், அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் தமது செயலற்ற நிலையைக் கூறி இரங்குவது அத்துறையின் இலக்கணமாகும். பாரி மாய்ந்தபின் கபிலரும், அதியமான் மாய்ந்தபின் ஔவையாரும் பாடிய பாடல்களைப் புறநானூறு பயின்றார் யாவரும் அறிவர். அப்பாடல்களில் இரங்குபவர் பாடுவோர், இரங்கப்படுபவர் புரவலர். கொடுத்துக் காத்த கை மறைந்ததே என்பது பாடுவோரின் துயர்.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ் நாடக மேடை இவ்வுறவைத் தலைகீழாக்கிற்று. அரசரும் வள்ளல்களும் வீற்றிருந்த இடத்திற் சீட்டு வாங்கி உட்புகுந்த பொதுமக்கள் அமர்ந்தனர். புரவலர் மக்களே ஆயினர். ஆதலின் பாடுவோன் இறந்தபோது இரங்கும் கடனும் மக்களைச் சார்ந்தது. இம்மாற்றத்தின் இயல்பை விளக்கவல்ல சான்றுகளுள் தலையாயது, 1933ஆம் ஆண்டு திசம்பர் 2ஆந் திகதி நிகழ்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவு. அன்று அவருக்கு வயது இருபத்தேழு.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகத்து 25ஆந் திகதி செங்கோட்டையிற் பிறந்தவர். வறுமைப்பட்ட பெருங்குடும்பம் அவருடையது. உடன்பிறந்தாரோடு சிறுபருவத்திலேயே நாடக மேடை ஏறினார். சங்கரதாச சுவாமிகளின் நாடக மரபிற் பயின்று, பின்னர்க் காட்சியமைப்பின் சிறப்பினாற் பேர்பெற்ற கன்னையாவின் குழுவிற் சேர்ந்து புகழெய்தினார். ஒலிபெருக்கி நாடகக் கொட்டகைக்கு வாராத காலம் அது. தரையில் அமர்ந்தோர்க்கும், கடைசி வரிசையில் நின்றோர்க்கும் ஒருங்கே கேட்கும்படி பாடுதல் நடிகனின் முதற்கடமை. ஐந்து கட்டைச் சுருதியிலும் தளராது நின்று இனிமை குன்றாது ஒலித்த குரல் கிட்டப்பாவினுடையது. சங்கீத வித்துவான்கள் சபைகளிற் பாடிய தியாகராச கீர்த்தனங்களை, இசையிலக்கணம் கல்லாத பாமரரும் நாடகக் கொட்டகையிலே அவர் வாயிலாகக் கேட்டு இன்புற்றனர். உயர்ந்தோர்க்கே உரியதென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு செல்வத்தை அவர் பொதுவாக்கினார். மக்கள் அவரிடத்துக் கொண்ட அன்பிற்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

நாடகம் பார்த்தோர் வெறும் பார்வையாளராய் இருந்தாரல்லர் என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். விரும்பிய பாடலை மறுமுறை பாடுமாறு 'ஒன்ஸ்மோர்' எனக் கூவுதல் அக்கால வழக்கம். கதை நின்றுவிடும், இறந்து கிடக்கும் பாத்திரமும் எழுந்து மீண்டும் பாடும். பாடலின் நீளத்தையும், சில வேளை நாடகத்தின் நீளத்தையும் வகுத்தவர் கேட்போரே. பாடுவோனும் கேட்போரும் கூடி ஆக்கிய கலை அது. ஒருபோதும் நேரிற் பேசியறியாத ஒருவனுக்காக ஆயிரக்கணக்கானோர் ஏன் அழுதல் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை இதிற் கிடக்கின்றது. அவர்கள் இழந்தது அயலான் ஒருவனை அன்று. தாமும் பங்காளராய் இருந்த ஒன்றை.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் மாதக்கணக்காகத் தங்கி நாடகம் நடத்திய காலம் அது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் கொழும்பிற் பாடி நடித்துப் பெரும் புகழோடு விளங்கிய வேளையில், 1926ஆம் ஆண்டளவிற் கிட்டப்பா அங்கு வந்து அவரோடு இணைந்து நடித்தார். வள்ளி திருமணத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் தோன்றினர். ஒருவர் குரலுக்கு மற்றவர் குரல் ஈடுகொடுத்த அம்மேடை, பின்னர் அவ்விருவரின் இல்வாழ்க்கைக்கும் வாயிலாயிற்று. கிட்டப்பா முன்னரே மணமானவர். சுந்தராம்பாளோடு அவர் நடத்திய வாழ்வு மனத்தாங்கலும் பிரிவும் அற்றதாக அமையவில்லை. எனினும் மக்கள் கண்டது மேடையில் நின்ற வேலனையும் வள்ளியையுமே.

நோய் அந்த இணையைப் பிரித்தது. கிட்டப்பாவின் மறைவை வெறும் இளமைச் சாவு என்று கருதின், அன்றைய துயரின் அளவு விளங்காது. தமிழின் முதற் பேசும் படமான காளிதாஸ் 1931ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. நாடக நடிகர் பலர் திரைக்குப் போய்த் தம் உருவையும் குரலையும் நிலைபெறச் செய்தனர். அவ்வாயில் திறந்த இரண்டாண்டில், அதனுள் நுழையாமலே கிட்டப்பா மறைந்தார். எஞ்சியவை சில இசைத்தட்டுக்கள். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே இடங்கொடுத்த தட்டு, இரவு முழுதும் பாடியவனின் குரலை எவ்வாறு கொள்ளும்? 'எவரநி' என்னும் கீர்த்தனத்தை அத்தட்டிற் கேட்போர் அவருடைய ஆற்றலை உணர்வர். ஆயின் 'ஒன்ஸ்மோர்' எனக் கூவினும் தட்டிலுள்ள குரல் புதிதாக ஒன்றும் பாடாது.

துயருற்ற மக்கள் ஆறுதல் தேடிய வழிகள் இரண்டு. முதலாவது, மறைந்தவன் குரலைப் பிறர் குரலில் நாடியமை. பின்வந்த டி. ஆர். மகாலிங்கம் போன்றோர் உயர்ந்த சுருதியிற் பாடியபோதெல்லாம், 'கிட்டப்பாவின் சாயல்' என்று சொல்லிச் சொல்லி இன்புற்றனர். இரண்டாவது, சுந்தராம்பாளிடத்துத் தம் துயரை ஒப்படைத்தமை. இருபத்தைந்து வயதிற் கிட்டப்பாவை இழந்த அவ்வம்மையார், அணிகளைத் துறந்து வெள்ளுடை பூண்டார். ஆடவர் எவரோடும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் படத்தில், ஓர் இலட்சம் ரூபாய் ஊதியத்துக்கு அவர் ஏற்றது ஆண்வேடம். 1953ஆம் ஆண்டு ஔவையாராகத் தோன்றினார். அதியமானுக்கு இரங்கிப் பாடிய புலவரின் பெயரை, இரங்கலே வாழ்வாகக் கொண்ட ஒருவர் ஏற்றது பொருத்தமன்றோ! 1980ஆம் ஆண்டு அவர் மறையும் வரை, அவ்வெள்ளுடையைக் கண்டோர் கிட்டப்பாவையும் உடன் நினைத்தனர்.

இந்நிகழ்ச்சி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மராத்திய இசை நாடகத்திற் கொடிகட்டிப் பறந்த கேசவராவ் போசலே 1921ஆம் ஆண்டு முப்பத்தொரு வயதில் மறைந்தார். கோலாப்பூரிலுள்ள நாடக அரங்கிற்குப் பிற்காலத்தில் அவர் பெயரே இடப்பட்டது. அவ்வரங்கு 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தீக்கிரையாயிற்று. கல்லும் மரமும் கூடக் குரலுக்கு நிலையான காவல் ஆகா.

இனி, நம் மலைநாட்டை நோக்குவாம். அற்றனிலிருந்து திக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்தது நோர்வூட். அதுபோன்ற சிற்றூர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், இளமையில் மாய்ந்த ஒருவனுக்காக ஊர் கூடி அழும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. அதுவே காமன் கூத்து. மாசி மாதத்திற் காமன் பொட்டலிற் கம்பம் நட்டு, தப்பொலி முழங்க, இரதிக்கும் மதனுக்கும் மணம் முடிப்பர். பின்னர்ச் சிவனின் சினத்தால் மதன் எரிவான். இரதி ஒப்பாரி வைப்பாள். இரதியாக வேடம் புனைந்தவர் ஓர் ஆடவரே என்பதையும், கதையின் முடிவையும் அங்குள்ளார் அனைவரும் அறிவர். எனினும் அவர் கண்கள் கலங்கும். தமது வீட்டில் மாய்ந்தோரையும் எண்ணி அழுவோர் பலர். பகலெல்லாம் மலையேறி உழைப்போர்க்கு, துயரை வெளியிடுதற்கு ஊரே வகுத்துத் தந்த ஒழுங்கு அக்கூத்து.

மேடையில் அன்பனாய்ப் பாடியவன் மாய, அன்பியாய்ப் பாடியவள் புலம்பி நிற்கும் கோலம் காமன் கூத்திற் கதை. கிட்டப்பா சுந்தராம்பாள் வாழ்விலோ அது மெய்யாயிற்று. இரண்டிற்கும் வேற்றுமை ஒன்றுண்டு. எரிந்த மதன் மூன்றாம் நாள் எழுவான். அடுத்த மாசியில் மீண்டும் மாலை சூடுவான். ஆனால் மதனாகப் பாடிய மனிதன் எழுவதில்லை.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுளது. கிட்டப்பாவிற்கேனும் சில இசைத்தட்டுக்கள் எஞ்சின. லயங்களில் வாழ்ந்து, தோட்டத்தார்க்குக் கூத்துப் பழக்கிய வாத்தியார்கள் பலர், ஒரு தட்டிலும் ஒரு தாளிலும் பதியப்படாமலே மறைந்தனர். அவர்தம் பாடல்களிற் சில, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தமையால் எழுத்தில் நிலைத்தன. ஆயினும் எழுத்திற் குரல் இல்லை. இழுத்துப் பாடிய இடமும், தப்பொலிக்கு இடங்கொடுத்து நின்ற இடமும் அதில் இல்லை. குரலைப் பதிவு செய்யும் கருவி இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் இருக்கின்றது. எதிர்வரும் மாசியிற் காமன் பொட்டலுக்குச் செல்லும் மாணவர், முதிய வாத்தியார் ஒருவரின் இசைவு பெற்று, அவர் பாடுவதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிந்து, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் உடன் குறித்துக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பாராயின், அஃது ஒரு நற்பணியாகும்.

கபிலரும் ஔவையாரும் தம் புரவலர்க்குச் செய்த கடனைச் செய்யுளாற் செய்தனர். பாடுவோர்க்கு மக்கள் செய்யவேண்டிய கடனை, அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே செய்தல் தகும்.