விசாவின் வகையை முதலில் பாருங்கள்

எங்கள் மருத்துவமனையின் அயல்நாட்டு நோயாளர் உதவிப் பிரிவுக்கு வருவோர் கையில் பெரும்பாலும் இரண்டு உறைகள் இருக்கும். ஒன்றில் மருத்துவ அறிக்கைகள். மற்றொன்றில் கடவுச்சீட்டும் விசாவும். முதல் உறையைக் குடும்பத்தினர் பலமுறை பிரித்துப் படித்திருப்பார்கள். இரண்டாவதை விமான நிலையத்தில் காட்டியதோடு சரி. ஆனால் சிகிச்சை எப்போது தொடங்கும் என்பதைச் சில வேளைகளில் அந்த இரண்டாவது உறையே முடிவு செய்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தம்பதியரை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. கணவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துவந்தது. மனைவி தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்திருந்தார். இரத்தப் பிரிவும் பொருந்தியிருந்தது. நகையை அடகு வைத்துப் பணம் திரட்டி, மகனையும் உடன் அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டார்கள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போதுதான் மூவரிடமும் இருந்தவை சுற்றுலா விசாக்கள் என்பது தெரியவந்தது. “எந்த விசா என்றாலும் பரவாயில்லை, இதுதான் விரைவாகக் கிடைக்கும்” என்று ஊரில் முகவர் ஒருவர் கூறியிருக்கிறார். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு இந்தியா வரும் அயல்நாட்டவருக்கு மருத்துவ விசா கட்டாயம். அதற்கு மாற்று வழி இல்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பி, புதிதாக விண்ணப்பித்து, மீண்டும் வரவேண்டியதாயிற்று. இரண்டு பயணங்களுக்குச் செலவு. பல வாரத் தாமதம். அத்தனை நாளும் டயாலிசிஸ். இதில் எங்கள் பங்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் நோயின் பெயரும் மருத்துவரின் பெயரும் இருந்தன. எவ்வகை விசாவில் வரவேண்டும் என்ற ஒரு வரி இல்லை. இப்போது அந்த வரி இல்லாமல் எங்கள் கடிதம் எதுவும் வெளியே செல்வதில்லை.

அந்த அனுபவத்திலிருந்து, சிகிச்சைக்காக இந்தியா வரும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எது சரியான விசா?

சிகிச்சை பெறுபவருக்கு மருத்துவ விசா. அவருடன் வருவோருக்கு மருத்துவ உதவியாளர் விசா. ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் இருவர் உதவியாளர் விசாவில் வரலாம். இவ்விசா நோயாளியின் விசாவோடு இணைந்தது. ஆகவே மூவரின் விண்ணப்பங்களையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பல நாட்டவர் இணையவழி மருத்துவ விசா பெறலாம். இதை இ-விசா என்பர். முதல்முறை வந்திறங்கிய நாளிலிருந்து 60 நாள்கள் தங்கவும், மூன்று முறை நாட்டுக்குள் நுழையவும் அது இடமளிக்கிறது. 60 நாள்களுக்கு மேல் நீளக்கூடிய சிகிச்சை என்றால், உங்கள் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாக வழக்கமான மருத்துவ விசாவுக்கு விண்ணப்பிப்பதே பொருத்தம். எவ்வளவு காலம் ஆகும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு வகைக்கும் மருத்துவமனையின் பெயர் பொறித்த தாளில் எழுதிய கடிதம் வேண்டும். அதைக் கேட்டு எழுதும்போது நோயாளி, உடன் வருவோர் அனைவருடைய கடவுச்சீட்டின் முதற்பக்கப் படியையும் அனுப்புங்கள். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளவாறே கடிதத்திலும் அமைய வேண்டும். வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். அதில் இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும்.

இ-விசாவுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் இந்திய அரசுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி.ஐஎன்’ என்னும் எழுத்துகளில் முடியும். அதைப் போன்ற தோற்றத்தில் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன.

புறப்படும் முன் தவறு தெரிந்தால்

விசா கைக்கு வந்த அன்றே ஐந்து விவரங்களைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பெயர், கடவுச்சீட்டு எண், விசாவின் வகை, எத்தனை முறை நுழையலாம் என்பது, எந்த நாள் வரை செல்லும் என்பது. ஆங்கிலம் படிக்க இயலாதவர்கள் அதன் படத்தை எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

வகை தவறாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழங்கப்பட்ட இ-விசாவின் வகையை மாற்றித் தரமாட்டார்கள். சரியான வகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்காது. கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசா என்றால் அதை வழங்கிய அலுவலகத்துக்கே சென்று முறையிட வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் கேட்டது ஒன்று, அவர்கள் தந்தது வேறொன்று என்றால், விண்ணப்பத்தின் படி உங்களுக்குச் சான்றாக இருக்கும். எனவே விண்ணப்பத்தை முகவர் நிரப்பினாலும் அதன் ஒரு படியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விமானச் சீட்டின் பணம் வீணாகிறதே என்ற தயக்கம் இயல்பானது. ஆயினும் ஊரில் இருக்கும்போது தெரியும் தவறைச் சில நாள்களில் சரிசெய்யலாம். இங்கு வந்த பின் தெரிந்தால் தங்கும் விடுதி வாடகை, திரும்பும் பயணம், மீண்டும் வரும் பயணம் என எல்லாம் சேரும். மருத்துவர் ஒதுக்கிவைத்த நாளும் கைநழுவிப்போகும்.

வந்த பின் தவறு தெரிந்தால்

முதலில் எங்களிடம் சொல்லுங்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சிச் சிலர் விசாவைக் காட்டவே தயங்குகிறார்கள். தங்கியிருக்கும் அயல்நாட்டவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை எங்களுக்கு உண்டு. எனவே மறைத்துப் பயனில்லை. நாள் கடந்து தெரியவந்தால் செய்யக்கூடியவையும் குறைந்துவிடும்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை. ஆவணங்களை அதன் பிறகே கேட்போம். உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குத் தடையாகக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகக் கூறியுள்ளது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் விசாவை எண்ணித் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அவசரமில்லாத சிகிச்சையிலும் எல்லோரும் திரும்பிச் செல்ல வேண்டியதில்லை. வேறு வகை விசாவில் வந்தவர், அவ்விசா செல்லும் காலத்துக்குள், அதிகபட்சம் 180 நாள்கள் வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற உள்துறை அமைச்சகம் 2019இல் விதிகளைத் தளர்த்தியது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு மட்டும் இந்தத் தளர்வு பொருந்தாது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை, விசாவைப் பார்த்த பின் எங்கள் பிரிவினர் கூறுவார்கள்.

விசா முடியும் நாளுக்குள் சிகிச்சை முடியாது என்று தோன்றினால், அந்த நாள் வருவதற்கு முன்பே அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். சென்னையில் இவ்வலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையிலுள்ள சாஸ்திரி பவனில் இயங்குகிறது. 2018 முதல் விண்ணப்பங்களை இணையம் வழியாகவே அளிக்கலாம். நோயாளி படுக்கையை விட்டு எழுந்து வர வேண்டியதில்லை. சிகிச்சை தொடரவேண்டிய காரணத்தையும் காலத்தையும் குறித்து மருத்துவரின் சான்றை நாங்கள் தருகிறோம். காலம் கடந்து தங்கினால் அபராதம் செலுத்த நேரும். வெளியேறும் அனுமதி பெறாமல் விமானம் ஏற இயலாது. அடுத்த விசா கிடைப்பதும் கடினமாகலாம். மறு பரிசோதனைக்குத் திரும்ப வரவேண்டிய நோயாளிக்கு இது பெரிய இழப்பு.

உறுப்பு மாற்றுக்கு வருவோருக்கு ஒரு குறிப்பு

உறுப்பு தருபவரோ பெறுபவரோ அயல்நாட்டவராக இருந்தால், கணவன் மனைவி போன்ற நெருங்கிய உறவினராயினும், அறுவைக்கு முன் அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இருவருக்கும் உள்ள உறவை உங்கள் நாட்டுத் தூதரகம் சான்றளிக்க வேண்டும். திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு ஆகியவற்றின் மூலப் படிகளை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். உறுப்பு தருபவர் எவ்வகை விசாவில் வரவேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன் எங்களிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அந்த யாழ்ப்பாணத் தம்பதியர் மீண்டும் வந்தார்கள். அவர்கள் ஊரிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருந்ததால் கொழும்பு வரை அலைய நேரவில்லை. இம்முறை விசாக்கள் மூன்றும் கைக்கு வந்த அன்றே படமெடுத்து எங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். அனுமதிக் குழு ஒப்புதல் தந்தது. அறுவை நல்லபடியாக முடிந்து இருவரும் நலமாக ஊர் திரும்பினார்கள்.

அண்மையில் மறு பரிசோதனைக்காக வந்திருந்தார்கள். கணவர் இரத்தப் பரிசோதனைக்கு உள்ளே சென்றிருந்தார். காத்திருப்போர் வரிசையில் அறிக்கைகளை மடியில் வைத்தபடி புதிதாக ஒரு குடும்பம் அமர்ந்திருந்தது. அவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தாம். அந்த அம்மையார் அவர்கள் அருகே சென்று அமர்ந்தார். நோய் என்ன என்று அவர் கேட்கவில்லை.

“எந்த விசாவிலை வந்தனீங்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்.